அக்கா போட்ட கையெழுத்து: எது சரி என்று யார் சொல்ல வேண்டும்?

பருப்புக்களம் எழுதியது:

காங்கயத்தில் இருந்து தாராபுரம் போகிற ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு ஊர் எங்களது. தேங்காய் உடைத்துப் பருப்புக் காயப்போடும் களம் வைத்திருக்கிறேன். வயது 53. இதுவரை இங்கே தென்னை, மாடு, மோட்டார் பற்றித்தான் கேட்டிருக்கிறேன். இது வேறு மாதிரி. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 1974-ல் நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது மானாவாரி மேய்ச்சல் காடு, வாங்கினார். பாட்டன் சொத்து இல்லை. மாட்டு வண்டியில் பாரம் அடித்துச் சேர்த்த காசு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே பத்துப் பன்னிரண்டு வெள்வேல மரம், மழை பேய்ந்தால் கொழுக்கட்டைப்புல். மழை இல்லாத வருஷம் வெறும் சரளை. நானும் அக்காவும் அங்கேதான் ஆடு மேய்த்தோம். வேலியில் எந்த இடத்தில் சந்து இருக்கும், எந்த ஆடு அதைக் கண்டுபிடிக்கும் என்பதெல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அக்கா எனக்கு ஐந்து வயது மூத்தவள். 1987-ல் பல்லடம் பக்கம் கட்டிக் கொடுத்தோம். பதினைந்து பவுன், பித்தளைப் பாத்திரம், ஒரு கறவை மாடு. அப்பா 1999-ல் உயில் எதுவும் எழுதாமல் தவறிவிட்டார். 2001-ல் அம்மாவும் அக்காவும் சார்பதிவாளர் ஆபீசுக்கு வந்து காட்டில் இனிப் பாத்தியம் எதுவும் இல்லை என்று எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். பைசா கைமாறவில்லை. அன்றைக்கு அந்தக் காடு ஏக்கர் ஒரு லட்சம் போனாலே பெரிது.

இப்போது குடோன் கட்ட ஒருவர் இடம் கேட்கிறார். ஏக்கர் ஐம்பது லட்சம். மொத்தம் இரண்டு கோடி. அட்வான்ஸ் வாங்க நாள் பார்க்கச் சொல்கிறார்.

அக்காவின் நிலைமை இது. மாமா எட்டுத் தறி வைத்திருந்தார். கூலி கட்டாமல் ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் எட்டையும் பழைய இரும்பு விலைக்கு எடை போட்டுக் கொடுத்தார். 2019-ல் அவரும் போய்விட்டார். அக்கா இந்த வயதில் கம்பெனி வேன் ஏறித் திருப்பூருக்குத் துணியில் நூல் பிசிறு வெட்டப் போகிறாள். காடு விலை பேசுகிற சங்கதி அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாள்.

நான் கேட்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேட்டுவிட்டேன். வக்கீல் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, 'பதிவான விடுதலைப் பத்திரம், இருபது வருஷம் தாண்டிவிட்டது, நீங்கள் ஒன்றும் தர வேண்டியதில்லை. 1989 சட்டப்படியும் அதற்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பங்கு கிடையாது' என்றார். ஊரில் இரண்டு பெரியவர்களிடம் சாடையாகக் கேட்டேன். 'சீர் செய்து அனுப்பிய பிறகு பாகம் ஏது, நீ ஆரம்பித்து வைத்தால் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் கேட்பார்கள்' என்றார்கள். அம்மாவுக்கு 81 வயது. 'பொட்டப்புள்ளைக்குச் செய்யற சீரெல்லாம் செஞ்சாச்சு. உங்கப்பன் ஒரு ஜோடிக் காளையை வித்துத்தான் அவளைக் கட்டிக் குடுத்தாரு. இப்ப என்னத்துக்குப் புதுசாக் கெளப்பற' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிவன்மலைக்கும் போனேன். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருப்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். யாராவது பக்தர் கனவில் சாமி வந்து இன்ன பொருளை வை என்று சொல்லும், சாமியிடம் பூக் கேட்டு உத்தரவானால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும் வரைக்கும் அதுதான் இருக்கும். தண்ணீர் வைத்தபோதுதான் சுனாமி வந்தது என்று இங்கே குழந்தைகூடச் சொல்லும். நான் பெட்டி முன்னால் கால்மணி நேரம் நின்றேன். உள்ளே இருந்த பொருளுக்கும் என் பிரச்சினைக்கும் எப்படி எப்படியோ முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். கொடு என்றும் அர்த்தம் சொல்லலாம், கொடுக்காதே என்றும் சொல்லலாம். படியிறங்கி வந்துவிட்டேன்.

சட்டம், ஊர், பெற்றவள், மூன்றும் என் பக்கம். சாமி வாய் திறக்கவில்லை. ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. எனக்குள் ஏதோ ஒன்று 'இது சரியில்லை' என்கிறது. என் கேள்வி பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்பதுகூட இல்லை. இத்தனை பேர் ஒரு பக்கம் இருக்கும்போது, அந்த ஒன்றுக்கு என்ன அதிகாரம்? அதை நான் ஏன் மதிக்க வேண்டும்?


தறிச்சத்தம் எழுதியது:

அண்ணா, நான் சோமனூர். தறிக் குடும்பம். உங்கள் அக்கா கஷ்டம் எனக்குப் புரிகிறது, எங்கள் வீதியிலும் தறி எடைக்குப் போனது. ஆனாலும் நீங்கள் செய்யப்போவது தப்பு என்றே சொல்வேன்.

1987-ல் பவுன் இரண்டாயிரம் சொச்சம். பதினைந்து பவுன் போட உங்கள் அப்பா காளையை விற்றார். அந்த வீட்டில் அன்றைக்கு இருந்த ரொக்கம் எல்லாம் உங்கள் அக்காவோடு போயிற்று. உங்களுக்கு மிச்சம் வந்தது ஆடுகூட மேயாத சரளைக்காடு. அப்போது யாராவது 'ஐயோ, தம்பிக்கு அநியாயம்' என்றார்களா? காடு விலை ஏறியது உங்கள் அதிர்ஷ்டம். ஏறாமல் போயிருந்தால் அக்கா வந்து உங்கள் நஷ்டத்தில் பாதி ஏற்றிருப்பாரா?

பங்கு பிரித்தது பிரித்ததுதான் என்று ஒரு கோடு இருந்தால்தான் குடும்பங்கள் பேசிக்கொண்டு இருக்க முடியும். விலை ஏறும்போதெல்லாம் பழைய பத்திரத்தைப் பிரித்தால் அதற்கு முடிவே கிடையாது. ஊர் வழக்கத்தை லேசாக நினைக்காதீர்கள். எத்தனையோ தலைமுறை அடித்துக்கொண்டு செத்துக் கண்டுபிடித்தது அது. அக்காவுக்கு உதவ வேண்டுமா, தாராளமாகச் செய்யுங்கள். பேரன் படிப்பைப் பாருங்கள், வீட்டுக்கு ஓடு மாற்றிக் கொடுங்கள். தம்பியாகச் செய்யுங்கள். பாகம் என்ற வார்த்தையை மட்டும் எடுக்காதீர்கள்.

மூன்று மணிக்கு முழிப்பு வருவது வயசுக் கோளாறு. எனக்கும் வருகிறது.


ஆபீஸ் திண்ணை எழுதியது:

நான் கோபி பக்கம். முப்பது வருஷம் பத்திர எழுத்தரிடம் இருந்தேன். நியாய அநியாயம் பெரியவர்கள் பேசட்டும். சட்டத்தில் ஒரு திருத்தம் மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு தப்பைத்தான் கொங்கு நாட்டில் பாதிப் பேர் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தத்தில், அதற்கு முன் கல்யாணம் ஆன பெண்ணுக்கு இல்லை என்று சொன்னது பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் வருகிற பங்கை. உங்கள் காடு பூர்வீகம் இல்லை. அப்பா சம்பாதித்து வாங்கிய சுயார்ஜிதம். உயில் எழுதாமல் இறந்தால் அது 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பாகம். மகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா, எப்போது ஆயிற்று, எத்தனை பவுன் போட்டீர்கள் என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. 1999-ல் அப்பா கண்ணை மூடிய நிமிஷம் மூன்றில் ஒரு பாகம் உங்கள் அக்காவுடையது. 2005-ல் மத்தியச் சட்டம் பூர்வீகச் சொத்திலும் மகளை மகனுக்குச் சமம் ஆக்கியது தனிக் கதை. உங்களுக்கு அது தேவையே படவில்லை.

அவருக்குப் பங்கே இல்லை என்றால் விடுதலைப் பத்திரம் எதற்கு வாங்கினீர்கள்? இல்லாத ஒன்றை ஒருத்தர் எப்படி விட முடியும்? 'சட்டம் என் பக்கம்' என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. அவர் கையெழுத்துத்தான் அதை உங்கள் பக்கம் திருப்பியது. அந்தக் கையெழுத்து இன்றைக்குச் செல்லும் என்பது வரைக்கும் உங்கள் வக்கீல் சொன்னது சரியாக இருக்கலாம்.

ஆகவே நீங்கள் யோசிக்க வேண்டியது ஒரே இடம்தான். அந்தக் கையெழுத்து எப்படி வந்தது?


பருப்புக்களம் எழுதியது:

திண்ணை அண்ணா கேட்டதற்குப் பதில் எழுதி எழுதி மூன்று தடவை அழித்துவிட்டேன். முதல் பதிவில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து போய் விடவில்லை.

2001-ல் களம் போடக் கடன் கேட்டிருந்தேன். இடம் அப்பா பேரில் இருக்கிறது, வாரிசுகள் கையெழுத்து வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் அக்கா வீட்டுக்குப் போய், 'லோனுக்கு ஒரு கையெழுத்து வேணும், காங்கயம் வரோணும்' என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை, லோனுக்குத்தான். அவள் ஜாமீன் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டாள் என்பது எனக்கு அப்போதே தெரியும். பஸ்ஸில் வரும்போது, 'எத்தனை தவணைடா, கட்டிருவயா' என்று கேட்டாள். 'கட்டிருவேன்' என்றேன்.

எழுத்தர் படித்துக் காட்டினார். அந்த ஆபீசில் படித்துக் காட்டுவது எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும். பஞ்சாங்கம் படிக்கிற மாதிரி. 'யாருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனச் சம்மதத்துடன்' என்ற இடம் மட்டும் தெளிவாகக் கேட்டது. வெளியே வந்து மூன்று பேரும் போண்டா சாப்பிட்டோம். காசு அக்கா கொடுத்தாள்.

இன்னொன்று. 2000-ல் என் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தபோது கூறைப் புடவையின் ஒரு முனை என்னிடம், மறு முனை அவளிடம். கொங்குக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், மாப்பிள்ளையின் உடன்பிறந்தாளைக் கூட நிறுத்திச் செய்கிற சீர் அது. பிறந்த வீட்டில் அவளுக்கும் பாத்தியம் உண்டு, தம்பி பிள்ளைகள் மேல் அவளுக்கு உரிமை உண்டு என்று ஊர் முன்னால் காட்டுகிற சடங்கு என்று சீர்களை நடத்தி வைத்த எங்கள் அருமைக்காரர் சொன்னார். அதற்கு அடுத்த வருஷம்தான் நான் காங்கயம் கூட்டிப் போனேன்.


காலேஜ் ரோடு எழுதியது:

ஈரோட்டில் நாற்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். வாத்தியார் புத்தி, ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

சட்டத்தில் இருந்து தொடங்குகிறேன். பெண்ணுக்கும் ஆணைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். பின்னால் நின்றவர் நம்ம ஊர்க்காரர், பெரியார். அன்றைக்கு அதற்கு ஆதரவாக ஒரு சட்ட வரி கிடையாது. இந்துச் சட்ட மசோதாவை இழுத்தடித்ததால் அம்பேத்கர் 1951-ல் மந்திரி பதவியை விட்டு வெளியே வந்தார். 1956-ல் பாதி வந்தது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்துக்கு 1989 ஆயிற்று, அதாவது செங்கல்பட்டில் இருந்து அறுபது வருஷம். ஆந்திரா நமக்கு மூன்று வருஷம் முந்தி. நாடு முழுக்க 2005. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகம் தீர 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. சட்டம் சொல்வதுதான் சரி என்றால், 1988-ல் மகளுக்குப் பங்கு இல்லாதது நியாயம், அடுத்த வருஷம் மார்ச் 24 ராத்திரி வரைக்கும் நியாயம், விடிந்தால் அநியாயம் என்று ஆகும். சட்டம் எங்கேயோ பார்த்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அது பார்க்கிற இடம்தான் நமக்கு வேண்டும்.

அப்படியானால் மனசாட்சிதான் கடைசி நீதிபதியா? அதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்த காலம். என் சித்தப்பா ஒருநாள் வேண்டுமென்றே அந்தத் தனிக் குவளையை எடுத்துக் குடித்துவிட்டார். என் தாத்தா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நடிப்பு இல்லை ஐயா, நிஜமாகவே அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவரைப் போல நேர்மையான மனிதரை நான் பார்த்ததில்லை. உங்களுக்கு மூன்று மணிக்கு முழிப்பு வருகிற அதே இடத்தில் இருந்துதான் அவருக்கும் உறுத்தியது. ஆகவே உறுத்துகிறது என்பதே ஒரு சான்று ஆகாது. எது உறுத்துகிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டும். தாத்தா தோண்டியிருந்தால் 'வழக்கம்' என்பதைத் தவிர அடியில் ஒன்றும் இருந்திருக்காது. நீங்கள் தோண்டினீர்கள். 'எத்தனை தவணைடா' என்று கேட்ட ஒரு குரல் கிடைத்தது.

நான் வைத்துக்கொண்டிருக்கிற அளவுகோல் ரொம்பச் சாதாரணமானது. நம் காரணத்தை, யாரைப் பாதிக்கிறதோ அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியுமா? தறிச்சத்தம் தம்பி எழுதியதை முகத்துக்கு நேராகச் சொல்லலாம். 'அக்கா, உனக்குப் பவுன், எனக்குக் காடு, அன்றைக்கு அதுதான் கணக்கு.' அவரும் எதிர்த்துப் பேசலாம், ஆனால் அது ஒரு காரணம். 'லோனுக்கு என்று சொல்லி வாங்கினேன், இப்போது செல்லும் என்கிறார்கள்' என்பதைச் சொல்லிப் பாருங்கள்.

சிவன்மலை பற்றி ஒரு வார்த்தை. சாமி சொல்வதால் ஒன்று சரியாகிறதா, சரியாக இருப்பதால் சாமி சொல்கிறதா என்ற கேள்வியை ஏதென்சில் சாக்ரடீஸ் ஒருவரிடம் கேட்டதாக ஒரு உரையாடல் உண்டு. எல்லோரும் அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் வருகிற வழக்குத்தான் மறக்கவில்லை. ஒரு கூலிக்காரன் குடிவெறியில் அடிமை ஒருவனைக் கொன்றுவிடுகிறான். பண்ணைக்காரர் அவன் கையையும் காலையும் கட்டி ஒரு பள்ளத்தில் போட்டுவிட்டு, இவனை என்ன செய்வது என்று கேட்டுவர ஏதென்சுக்கு ஆள் அனுப்புகிறார், சாமி காரியங்களுக்கு விளக்கம் சொல்கிறவரிடம். பதில் வருவதற்குள் பசியிலும் குளிரிலும் கட்டிப்போட்டவன் செத்துப்போகிறான். கேட்கப் போனதில் தப்பில்லை. பள்ளத்தை எட்டிப் பார்க்காமல் இருந்ததுதான் தப்பு.

உங்கள் அக்கா நாளைக் காலையிலும் வேன் ஏறுவார்.


பருப்புக்களம் எழுதியது:

ஐயா, அந்தப் பள்ளம் மனசை விட்டுப் போகவில்லை. களத்தில் தேங்காய் திருப்பிப் போடும்போதும் அதே நினைப்பு. நேற்று சாயங்காலம் மேகம் கூடியதைக்கூடக் கவனிக்கவில்லை, ஆள் கத்திய பிறகுதான் தார்ப்பாய் எடுக்க ஓடினேன். ஐம்பது மூட்டைப் பருப்பு நனைந்திருக்கும்.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அக்காவையே கேட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போய் எல்லாவற்றையும் சொல்லி, 'உனக்கு என்ன வேணும், நீயே சொல்லு' என்று கேட்கிறேன். அவள் சொல்வதுதான் தீர்ப்பு. வேண்டாம் என்றால் வேண்டாம், வேண்டும் என்றால் கொடுக்கிறேன். அவளைவிடப் பெரிய அதிகாரம் இதில் யாருக்கு இருக்கிறது?


பொறந்த ஊரு எழுதியது:

அண்ணா, கேட்காதீர்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

நானும் கையெழுத்துப் போட்டவள். 2008. எங்கள் அண்ணன் நல்ல மனுசன், உங்களைப் போல எதையும் மறைக்கவில்லை. வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, அம்மா, அண்ணி, பெரியப்பா, என் வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும், 'அம்மிணி, உனக்கு எதாச்சும் வேணுமா, சொல்லு, குடுத்தர்றேன்' என்று கேட்டார். பக்கத்தில் தட்டு. தட்டில் ஒரு பட்டுச்சேலை, மேலே ஐயாயிரம் ரூபாய், மஞ்சள் குங்குமம், வெற்றிலை. பத்திரம் ஏற்கெனவே அடித்து ரெடியாக டிவி மேலே இருந்தது.

என்ன சொல்வேன்? 'எனக்கு எதுக்குண்ணா, நீங்க நல்லா இருந்தாப் போதும்' என்றேன். எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அதில் பொய்யும் இல்லை. அந்த நிமிஷம் அப்படித்தான் தோன்றியது.

வேண்டும் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கொடுத்திருப்பார். அப்புறம் ஆடிப் பதினெட்டுக்கு யார் வந்து கூப்பிடுவது? என் மகள் சீருக்கு மாமன் என்று யார் முன்னால் நிற்பது? பங்கு வாங்கிப் போனவள் என்று ஒரு பேர். பிறந்த வீட்டு வாசலா, அந்த ரெண்டு ஏக்கரா என்று தராசில் வைத்துக் கேட்டால் எந்தப் பெண் ஏக்கர் என்று சொல்வாள்? உங்கள் அக்கா இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெருந்தன்மை என்று நினைக்கிறீர்களா? கேட்டால் எதை இழப்போம் என்ற கணக்கு அது. நாங்கள் எல்லோரும் போட்டு வைத்திருக்கிற கணக்கு.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டால், 'வேண்டாஞ்சாமி, நீ கேட்டதே போதும்' என்பார். நூற்றுக்கு நூறு அதுதான் சொல்வார். காபி போட்டுக் கொடுப்பார். நீங்கள் நிம்மதியாக பஸ் ஏறுவீர்கள். அன்றைக்கு ராத்திரி உங்களுக்கு மூன்று மணிக்கு முழிப்பு வராது. 2001-ல் ஒரு கையெழுத்து வாங்கினீர்கள், இப்போது இரண்டாவது கையெழுத்து. இது வாய்மொழியாக, அவ்வளவுதான்.

தறிச்சத்தம் அண்ணாவுக்கும் ஒன்று. அந்தப் பதினைந்து பவுன் எங்கே போயிருக்கும் என்று யோசித்தீர்களா? தறி வாங்க. அந்தத் தறி எங்கே போயிற்று என்று மேலேயே எழுதியிருக்கிறது. சீர் என்பது பெண்ணோடு போகும், பெண் கையில் நிற்காது.

கொடுப்பதாக இருந்தால் எழுதிப் பதிவு செய்து, காகிதத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். அவர் அழட்டும், திட்டட்டும், திருப்பித் தருகிறேன் என்று சண்டை போடட்டும். தன்னுடையது என்று ஆன பிறகு வேண்டாம் என்று சொன்னால்தான் அது வேண்டாம்.


தறிச்சத்தம் எழுதியது:

லோன் விஷயம் தெரியாமல் எழுதிவிட்டேன். அது வேறு கணக்கு. என் தங்கச்சி கையெழுத்து எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா வாங்கினார், நான் கூட இல்லை. கூட இல்லை என்பதால் எனக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுமா, தெரியவில்லை. அதை இன்னொரு நாள் கேட்கிறேன்.

ஊர் வழக்கத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கவில்லை. வழக்கம் இல்லாத இடத்தில் பலம் உள்ளவன் வைத்ததுதான் சட்டம்.


பருப்புக்களம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இடையில் நிறைய பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. பொறந்த ஊரு தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகு கால் வரவில்லை. பஸ் ஏறும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று அவர் எழுதியது அப்படியே என் முகம்.

பீரோவில் இருந்து 2001 பத்திரத்தை எடுத்தேன். வக்கீலிடம் இதுவரை ஜெராக்ஸ்தான் காட்டியிருக்கிறேன், மூலத்தை நான் பிரித்தே பார்த்ததில்லை. கடைசிப் பக்கத்தில் அக்காவின் கையெழுத்து. பேருக்கு முன்னால் முதலில் அப்பா இனிஷியலைப் போட்டிருக்கிறாள். பிறகு அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் மாமா இனிஷியல். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆகியும் அன்றைக்குக் கை பழைய எழுத்துக்குப் போயிருக்கிறது. அப்பா காடு என்பதாலோ என்னவோ. ஓரத்தில் எழுத்தர் 'அடித்தல் ஒன்று' என்று எழுதி வைத்திருக்கிறார்.

குடோன்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். பட்டா தெளிவானால் சரி, கிரயத்தில் யார் யார் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பது உங்கள் பாடு, ஒரு மாதம் பொறுக்கிறேன் என்றார். அம்மா என்னோடு பேசி எட்டு நாள் ஆகிறது. ஆனால் நேற்று மருமகளிடம், 'அவ வீட்டுக்கு ஓடு மாத்தோணும்னு சொல்லிட்டே இருந்தா' என்று சொன்னாளாம். யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை. மகன், 'மூணுல ஒரு பங்குங்கறது அறுபத்தாறு லட்சத்துக்கு மேலப்பா' என்று மட்டும் சொன்னான். ஆமாம் என்றேன். அவன் அதற்கு மேல் பேசவில்லை.

இப்போது தடைபட்டு நிற்பது ஒரு வாசகத்தில். அக்கா பேருக்கு செட்டில்மெண்ட், அதாவது குடும்பத்துக்குள் சொத்தை எழுதி வைக்கிற பத்திரம், எழுதலாம் என்று எழுத்தரிடம் போனேன். அவர் மாதிரியை எடுத்து, 'தங்கள் மேல் எனக்குள்ள அன்பு, பிரியத்தின் காரணமாக' என்று அடிக்க ஆரம்பித்தார். நிறுத்தச் சொன்னேன். இது அன்பால் கொடுப்பது இல்லைங்க, அவள் பங்குங்க என்றேன். 'அதுக்கெல்லாம் எங்கிட்ட வாசகம் இல்லீங்க, எல்லாரும் அன்புன்னுதான் போடுவாங்க, ஆபீசுலயும் அதான் கேப்பாங்க' என்கிறார். இந்தக் காகிதத்தை அக்கா படிப்பாள். இந்தத் தடவை நான் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துக் காட்டப்போகிறேன். அதில் நான் ஏதோ தானம் செய்த மாதிரி இருக்கக் கூடாது. இரண்டு ராத்திரி நானே எழுதிப் பார்த்தேன். முதல் வரியைத் தாண்டவில்லை.

திண்ணை அண்ணா, வேறு விதமாக எழுத வழி இருந்தால் சொல்லுங்கள்.


ஆபீஸ் திண்ணை எழுதியது:

இருக்கிறது. செட்டில்மெண்டுக்கு அன்பு என்ற சொல் ஒரு இடத்தில் வந்துதான் ஆக வேண்டும், அதை ஆபீசில் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அது முதல் வரியாக இருக்க வேண்டும் என்று எவனும் சொல்லவில்லை. முன்னால் சொத்தின் வரலாறு எழுதும் பகுதியில் இப்படி ஆரம்பியுங்கள்: 'நம் தகப்பனார் 1974-ல் சுயார்ஜிதமாய்க் கிரயம் பெற்று ஆண்டு அனுபவித்து வந்து, 1999-ல் உயில் ஏதும் எழுதாமல் காலமானதில், அவருடைய வாரிசு என்ற முறையில் தங்களுக்குச் சேர வேண்டிய மூன்றில் ஒரு பாகமானது, 2001-ல் பிரதிபலன் ஏதும் இன்றி எனக்கு விடுதலை செய்யப்பட்டிருந்ததை…' மீதியை நான் எழுதித் தருகிறேன். உங்கள் வக்கீலிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சர்வே நம்பர், பத்திர நம்பர், நான்கெல்லை அனுப்புங்கள். கிளுவை வேலி எந்தெந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய பத்திரத்தில் எல்லை அந்த வேலியை வைத்துத்தான் சொல்லியிருப்பார்கள்.